நாலு மணி ரிப்போர்ட்

ரத்தம் காலையிலேயே கொடுத்தாயிற்று.
ரிப்போர்ட் நாலு மணிக்கு.
லாட்ஜ் அறையைப் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.
கோட்டையை நேற்றே பார்த்துவிட்டோம்,
அகழியையும் அதில் மிதந்த ஒற்றைச் செருப்பையும்.
"இந்த வெயில்ல எங்கதான் போறது" என்றாள்
அஞ்சலாட்சி அக்கா.
ஆட்டோக்காரர்தான் சொன்னார்:
சத்துவாச்சாரிப் பக்கம் சினிமா மியூசியம் இருக்கு,
இருபது ரூபாய், உள்ளே ஏசி.

ஏசிக்காகத்தான் போனோம். அதை மறைப்பானேன்.

டிக்கெட் ஜன்னலே ஒரு காட்சிப்பொருள்.
ஒரு கை நுழைகிற ஓட்டை,
காசோடு போன கை சீட்டோடு திரும்பும்போது
தோல் வழண்டுவிடும்.
அக்கா கை விட்டாள். எங்கும் உரசவில்லை.
போன தையில் இந்தக் கைக்கு வளையல் ஏற்ற
சோப்பு தேவைப்பட்டது.

உள்ளே
ஆள் உயரப் புரொஜெக்டர், புகைபோக்கியோடு.
தகர டப்பாக்களில் ரீல்கள்,
ஒன்றின் மேல் சாக்பீஸில் "12 இல்லை".
சுவர் நெடுக டிவிப் பெட்டிகள்,
மடக்குக் கதவு வைத்தவை, கால் முளைத்தவை,
பஞ்சாயத்துப் பூட்டு தொங்குபவை.
நாற்பதில் ஒன்றுக்குத்தான் உயிர்.
அது ஒரே வாசகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது:
தடங்கலுக்கு வருந்துகிறோம்.

அதன் எதிரே நாற்காலியில்
அசையாமல் ஒரு வங்காளத் தம்பதி.
அவர் மடியிலும்
எங்கள் கையிலிருந்த அதே ஆஸ்பத்திரிக் கவர்.
பாஷை தெரியாத புன்னகை ஒன்று
போய்த் திரும்பி வந்தது.
அவர்களும் ஏசிக்காகத்தான்.

தரை டிக்கெட்டுக்கென்று மணல் கொட்டி வைத்திருந்தார்கள்.
உட்காராதீர் என்று பலகை.
அக்கா உட்கார்ந்தாள்.
மூச்சு வாங்கி முடிகிற வரை
நான் பலகையை மறைத்து நின்றேன்.

கடைசி அறையில் வெளிச்ச மேஜை.
பால் கண்ணாடி, கீழே விளக்கு.
துண்டு பிலிம்களை அதில் வைத்து
பூதக்கண்ணாடியால் பார்க்கலாம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறேழு பேர்
குனிந்து கத்திக்கொண்டிருந்தார்கள்:
இது சண்டை, இது மழை, இது வெறும் கருப்பு.

நான் தடுப்பதற்குள் அக்கா
கவரிலிருந்து தன் பிலிமை உருவி
மேஜையில் விரித்துவிட்டாள்.

சத்தம் நின்றது.
விலா எலும்புகள் மேஜை முழுக்க.
இடப்பக்கம், மேலே,
டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் விட்ட இடம்.

"இது என்னா படம்?" என்றான் ஒருவன்.
"என் படம்."
"முடிவு என்னாகும்?"
"நாலு மணிக்குத்தான்டா தெரியும்."

மேற்பார்வைப் பெண் ஓடி வந்தாள்.
சட்டையில் நஸ்ரின் என்று அட்டை.
வெளிப் பொருளை மேஜையில் வைக்கக் கூடாது
என்று ஆரம்பித்தவள்
பாதி வாக்கியத்தில் படத்தைப் பார்த்தாள்.
பிறகு அந்தப் பையனின் கையிலிருந்து
பூதக்கண்ணாடியை வாங்கி
அக்காவிடம் கொடுத்தாள்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.
என்ன தெரிந்ததென்று நான் கேட்கவில்லை.

வெளியே வரும் வழியில்
பத்து ரூபாய்க்கு ஒரு ஃப்ரேம் விற்கிறார்கள்.
அட்டையில் ஒட்டிய, கட்டைவிரல் அகல பிலிம்.
கை போன போக்கில் ஒன்றை எடுத்தாள்:
ஏதோ கூட்டத்தில், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்.
என்ன படம் என்று நஸ்ரினுக்கும் தெரியவில்லை.
நொடிக்கு இருபத்துநாலு ஓடும் அக்கா,
இது அதில் ஒண்ணு என்றாள்.

மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி ஹாலில் இருந்தோம்.
அங்கேயும் திரை. எண்கள் மட்டும் நடிக்கும் படம்.
212. 213.
ஆரணிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று
யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தேன்.
217. நடுவில் ஒன்று வராமலே போய் 219.
எங்கள் எண்.

"அக்கா, வா."

அவள் ட்யூப்லைட்டுக்கு நேரே
அந்தத் துண்டைத் தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடியிருந்தாள்.

"இரு" என்றாள்,
"இவ திரும்புற மாதிரி இருக்கு."